சிவப்பு எழுத்தில் வராத பிழைகள்

ஈரோடு,
9-11-2025

அன்புள்ள பூங்கொடி,

உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு ஜிஎஸ்டிதான் காரணம் என்றால் நீ நம்பித்தான் ஆகவேண்டும். செப்டம்பர் 22-ஆம் தேதி வரி விகிதங்கள் மாறியதிலிருந்து, கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதும் எங்கள் அலுவலகத்தில் யாரும் வெளிச்சம் இருக்கும்போது வீடு திரும்பியதில்லை. அம்மாவுக்கு வலது கண்ணிலும் புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார். கூடவே எனக்கு இவ்வளவு நரைத்திருப்பது இப்போதுதான் தெரிகிறது என்று தினமும் ஒருமுறை சொல்லிவிடுகிறார்.

இறுதியாண்டு மாணவர்களுக்குப் பிழை கண்டறிதல் பற்றி ஒரு தாள் நடத்துவதாகவும், புத்தகத்தில் அரைப்புள்ளி விட்டுப்போனது, அடைப்புக்குறி மூடாதது என்றே பக்கங்கள் ஓடுவதாகவும், நிஜத்தில் என்னதான் வருகிறது என்றும் கேட்டிருந்தாய். அரைப்புள்ளியை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரே பார்த்துக்கொள்ளும், அதற்கு ஆசிரியர் வேண்டாம். சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச்செய்தி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது என் கணக்கு. எந்தச் செய்தியும் காட்டாமல், சாவகாசமாகத் தப்பான விடையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் புரோகிராமைத்தான் நீ அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

வரி விஷயத்தையே எடுத்துக்கொள். துணிக்கடைகளுக்கு முன்பு 1,000 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12. இப்போது 2,500 வரை 5, அதற்கு மேல் 18. எங்கள் மென்பொருளில் வரி விகிதம் நிரலுக்குள் எழுதப்படவில்லை. 'எண்களை நிரலுக்குள் புதைக்காதே, ஓர் அட்டவணையில் வை' என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தபடியே அட்டவணையில்தான் இருந்தது. ஆகவே 22-ஆம் தேதி காலையில் ஓர் எண்ணை மாற்றினால் போதும் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். அக்டோபரில் ஒரு கடையில், ஆகஸ்டில் வாங்கிய 1,800 ரூபாய்ச் சட்டையை வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தார். அன்று கட்டிய வரி 216 ரூபாய். திருப்பிய பொருளுக்குக் கொடுக்கும் கிரெடிட் நோட் 90 ரூபாய்தான் காட்டியது. பழைய பில்லைத் திறந்தபோதும் புரோகிராம் அட்டவணையைப் பார்த்து வரியை மறுபடி கணக்குப் போட்டிருக்கிறது. பில் தன் விகிதத்தைத் தன்னோடே வைத்திருக்க வேண்டும், அட்டவணையில் ஒவ்வொரு விகிதத்துக்கும் 'எந்தத் தேதியிலிருந்து' என்று ஒரு பத்தி (நெடுவரிசை) வேண்டும். புத்தகத்தின் அறிவுரையை அப்படியே பின்பற்றியும் தப்பாகப் போன இடம் இது. எண் அட்டவணையில் இருந்தது, அதன் வரலாறுதான் இல்லை.

அடுத்தது தேதி. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உன் வகுப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இந்த ஊர் ஜவுளிச் சந்தை உனக்குத் தெரியும். திங்கட்கிழமை இரவு தொடங்கி செவ்வாய் வரை போகும், நள்ளிரவு தாண்டியும் பில் போடுவார்கள். எங்கள் சர்வர் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அதில் தவறில்லை. நாள்வாரி அறிக்கை எழுதியவர், அந்த நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றாமல் அப்படியே தேதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார். விளைவு, நள்ளிரவு 12 மணிக்கும் விடிகாலை 5.30-க்கும் இடையில் போட்ட ஒவ்வொரு பில்லும் முந்தைய நாள் கணக்கில் ஏறியது. திங்கள் விற்பனை கொஞ்சம் கூடும், செவ்வாய் கொஞ்சம் குறையும். இரண்டுமே சந்தை நாள்தானே, யாரும் கவனிக்கவில்லை.

இந்த ஆண்டு ஏப்ரல் 1 செவ்வாய்க்கிழமை. முந்தைய நாள் ரம்ஜான், சந்தை மந்தம். ஆனாலும் ஒரு கடைக்காரர் நடுநிசிக்குப் பிறகு சில பில்கள் போட்டிருக்கிறார். அச்சிட்ட பில்லில் தேதி ஏப்ரல் 1, புதிய நிதியாண்டின் வரிசை எண்ணோடு. அறிக்கையில் மார்ச் 31, பழைய நிதியாண்டு. தணிக்கையாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். கடையின் கம்ப்யூட்டர் உள்ளூர் நேரத்தில் அச்சிட்டதால் காகிதம் சரி, அறிக்கைதான் பொய். ஒரு வருடத்தின் தப்பான பில்களை மட்டும் பிரித்தெடுத்து நேர வாரியாக அடுக்கினால் போதும், கடைசிப் பில் 5.30-ஐத் தாண்டாது. நம் நாட்டில் எந்தப் பிழையிலாவது ஐந்தரை மணி நேரம் எட்டிப் பார்த்தால் நேர மண்டலத்தைத் தவிர வேறு எங்கும் தேட வேண்டாம்.

அறிக்கையில் நேரத்தை மாற்றியது உடனடித் திருத்தம். அதைவிட முக்கியமாக, பில் தேதியை நேரமில்லாத வெறும் தேதியாகத் தனிப் பத்தியில் சேமிக்கச் சொன்னேன். பில் போடப்பட்ட கணம் வேறு, பில்லின் தேதி வேறு. கணம் உலகத்துக்கே பொது. தேதி அந்தக் கடையின் நாட்காட்டிக்குச் சொந்தம். இதை ஒத்துக்கொள்ள வைக்க எங்கள் இளைஞர்களோடு ஒரு முழு மாலை வாதாட வேண்டியிருந்தது.

தமிழ்ப் பெயர்கள் வேறு ரகம். ஒரு கடையில் 'கோவிந்தராஜ்' என்று தேடினால் ஒருவர் வருகிறார், பட்டியலைக் கண்ணால் பார்த்தால் இருவர் இருக்கிறார்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம் என்பதுதான் சங்கதி. ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம், அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு இரண்டும் வேறு வேறு சரங்கள், அதாவது வேறு வேறு எழுத்துத் தொடர்கள். பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் இந்தப் பிரிந்த வடிவம் நிறைய வருகிறது. உள்ளே நுழையும் எல்லாப் பெயரையும் யூனிகோடின் இயல்பாக்க முறையில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இது தீரும். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கென்றே ஒரு செயற்கூறு இருக்கிறது, ஒரே வரி.

ஆனால் 'கௌரி'யைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டி 'கெளரி' ஆக்கியிருந்தால் அந்த இயல்பாக்கம் கைகொடுக்காது. யூனிகோடைப் பொறுத்தவரை அந்த ள முழு எழுத்து. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் உற்சாகமாக எல்லா 'கெள'வையும் 'கௌ' ஆக்கும் நிரலை எழுதிவிட்டான். நல்லவேளையாக அதைச் சோதித்த பெண் மீன் கடைப் பொருள் பட்டியலில் ஓட்டிப் பார்த்தாள். கெளுத்தி மீன் என்னவோ ஆகிவிட்டது!

இதே தமிழ்ப் பெயர் சத்தம் போட்டுப் பிழை காட்டிய இடமும் உண்டு. ஒரு கூட்டுறவு அமைப்புக்கு ஆரக்கிள் என்ற தரவுத்தளத்தில் செய்த வேலை அது. உறுப்பினர் பெயருக்கு 40 என்று அகலம் வைத்திருந்தார்கள். 'மீனாட்சிசுந்தரம்' கண்ணுக்கு 9 எழுத்து. யூனிகோடில் புள்ளியும் கொம்பும் காலும் சேர்ந்து 16 குறியீடுகள். யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 48. ஆரக்கிளில் வேறு மாதிரி சொல்லாவிட்டால் அந்த 40 என்பது பைட் கணக்கு. ஓஆர்ஏ-12899 என்ற பிழை எண்ணோடு வந்து நின்றது. எந்த அட்டவணை, எந்தப் பத்தி, வந்தது 48, இடம் 40 என்று அந்தச் செய்தியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. இதைவிட மரியாதையான பிழைச்செய்தியை நான் பார்த்ததில்லை. இருந்தும் எங்களிடம் வந்த புகார், 'சில பெயர்கள் மட்டும் ஏறவில்லை' என்பதுதான். ஏனென்றால் அந்தச் செய்தியைப் பிடித்து விழுங்கிவிட்டு, 'ஏதோ தவறு நடந்துவிட்டது, பிறகு முயலவும்' என்று காட்டும்படி யாரோ எழுதிவைத்திருந்தார்கள்.

இந்த விழுங்கும் வழக்கத்தின் மீது எனக்கு இருக்கும் கோபம் உனக்குத் தெரிந்ததுதான். பயனாளருக்கு ஓஆர்ஏ எண்ணைக் காட்ட வேண்டாம், சரி. நடப்பதையெல்லாம் மென்பொருள் குறித்துவைக்கும் லாகில் எழுதக்கூடாது என்று யார் சொன்னார்கள்? பிழையைப் பிடிக்கும் பகுதியைக் காலியாக விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு நீ மதிப்பெண்ணைக் குறைத்தாலே நாடு பாதி திருந்தும்.

பைசாக் கணக்கும் வரும். கம்ப்யூட்டருக்கு 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும், ஆகவே பணத்தை மிதவைப் புள்ளி எண்ணாக (தசமங்களைத் தோராயமாக வைக்கும் வகை) வைக்காதே என்பதை நீயே சொல்லிக்கொடுத்துவிடுவாய். அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. தலா 33.30 ரூபாய்க்கு மூன்று பொருள், ஜிஎஸ்டியில் மத்திய அரசின் பங்கு 2.5 சதவீதம். ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகக் கணக்கிட்டுப் பைசாவுக்கு முழுமையாக்கினால் 83 பைசா வீதம் 2.49. மொத்தம் 99.90-க்குக் கணக்கிட்டால் 2.50. இந்த ஒரு பைசாவை எந்தத் தரவு வகையும் தீர்க்காது. எங்கே முழுமையாக்குவது என்று கணக்காளரிடம் கேட்டு முடிவு செய்து, பில் திரை, அச்சு, அறிக்கை மூன்றிலும் அதையே செய்ய வேண்டும். எங்களிடம் மூன்றையும் மூன்று பேர் எழுதியிருந்தார்கள்.

எக்செலைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். 15 இலக்கத்துக்கு மேல் அது நினைவில் வைக்காது. 16 இலக்க வங்கிக் கணக்கு எண் உள்ள சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) அதில் திறந்து சேமித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். ஒரு சத்தமும் இருக்காது.

தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் நடத்தும்போது இதையும் செய்துகாட்டு. 'இந்த மாதம் எதுவும் வாங்காத வாடிக்கையாளர்கள் யார்?' பில் அட்டவணையில் இருக்கும் வாடிக்கையாளர் எண்களை எடுத்து, அவற்றில் இல்லாதவர்களை 'நாட் இன்' போட்டுக் கேட்பார்கள். பல மாதம் சரியாகவே வரும். ஒருநாள் யாரோ ரொக்க விற்பனைக்கு வாடிக்கையாளர் எண் இல்லாமல் ஒரு பில் போடுவார், அந்த இடம் 'நல்' ஆக நிற்கும். அவ்வளவுதான், பட்டியல் முழுக்கக் காலி. 'நல்' என்றால் தெரியாத மதிப்பு. தெரியாத ஒன்று உள்ளே இருக்கும்போது, 'இவர் அதில் இல்லை' என்று யாரைப் பற்றியும் தரவுத்தளத்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. முதலாளியோ காலிப் பட்டியலைப் பார்த்து, எல்லோரும் வாங்கிவிட்டார்கள் என்று மகிழ்ந்துபோகிறார்.

இணையப் பக்கம் நிற்பது, சர்வர் காட்டும் 500, 502, 504 என்ற பிழை எண்கள் எல்லாம் இதோடு ஒப்பிட்டால் எளிது. எண்ணைப் பார், லாகைப் பார், சர்வரில் வட்டு நிரம்பியிருக்கிறதா பார். ஆனால் பக்கம் உறைந்து நிற்கும்போது மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதை மாணவர்கள் யோசிப்பதே இல்லை. மறுபடி அழுத்துவார்கள். பிரிட்டனின் அஞ்சல் துறையில் 1999 முதல் ஓடிய ஹொரைசன் என்ற மென்பொருளைப் பற்றிப் படித்திருப்பாய். ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊரில், பணம் வந்து சேர்ந்ததை உறுதிசெய்யும் திரை உறைந்துவிட, அங்கிருந்தவர் எண்டரை மறுபடி மறுபடி அழுத்தினார். ஒவ்வோர் அழுத்தலும் புதிய வரவாகப் பதிவாகி, கையில் இல்லாத பணம் கணக்கில் ஏறியது. அது அந்த மென்பொருளில் இருந்த பல பிழைகளில் ஒன்றுதான். கணக்கில் பற்றாக்குறை என்று கிளை அஞ்சலகம் நடத்தியவர்கள் மீது வழக்குப் போட்டார்கள். 900-க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். மென்பொருளில் பிழை இருந்தது என்று உயர் நீதிமன்றம் 2019-இல் சொன்னது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. கடைக்காரர் 'நான் சரியாகத்தான் போட்டேன்' என்று சொல்லும்போது எங்கள் ஆட்கள் சிரித்தால் நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். ஒரு கோரிக்கைக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, அதே எண் இரண்டாவது முறை வந்தால் பதியாமல் விடுவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை.

மாணவர்கள் பிழைச்செய்தியை ஏஐ-யிடம் ஒட்டி விடை வாங்கிவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். வாங்கட்டும். நாங்களும்தான் செய்கிறோம். செய்தியே இல்லாத பிழைக்கு எதை ஒட்டுவார்கள்? ஆகவே நீ அவர்களுக்கு நிரலைக் கொடுக்காதே. ஓர் அறிக்கையையும் சில அச்சிட்ட பில்களையும் கொடுத்து, எங்கே ஒத்துப்போகவில்லை என்று மட்டும் கேள்.

டிசம்பர் கடைசி வாரம் அண்ணன் மகன் நிச்சயதார்த்தத்துக்கு உறையூர் வருகிறேன். அப்போது மேலே சொன்ன எல்லாக் கோளாறும் உள்ள ஒரு தரவுக் கோப்பை, பெயர்களையும் எண்களையும் மாற்றி, உனக்குக் கொண்டுவந்து தருகிறேன். உங்கள் ஆய்வகத்தில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் எந்தப் பதிப்பு என்று மட்டும் எழுது. 8.0 என்றால் கவலையில்லை. இன்னும் 5.7 என்றால் அட்டவணைகளுக்கு எழுத்துக்குறி முறையையும் நானே குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாளே கோவிந்தராஜ் உள்ளேயே நுழைய மாட்டார்.

அன்புடன்,
கோதை