மூக்கை முதலில் இறக்கு

ஹட்டன்

அன்புள்ள மகளுக்கு,

அடுத்த வாரம் இரத்மலானை விமான நிலையத்தில் தனியாக விமானம் ஓட்டப்போவதாக எழுதியிருந்தாய். அம்மா கோயிலில் நேர்ந்துகொண்டாள். நான் எஞ்சினைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். பாதி டேங்கோடு இரவு நின்ற விமானத்தில், தோட்டத்து லொறியின் டீசல் டேங்கில் போலவே, உட்சுவரில் ஈரம் படிந்து அடியில் இறங்கும். மழை நாளில் மூடி ரப்பர் வழியாகவும் கசியும். குழாயில் மிஞ்சிய நல்ல பெற்றோலில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஓடுபாதை முனை வரைக்கும் ஓடும். சக்தியைக் கூட்டும் த்ரொட்டிலை முழுதாகத் திறந்து மூக்கு நிமிரும்போதுதான் தண்ணீர் கார்பரேட்டருக்கு வந்து சேரும். இரண்டு இறக்கையிலும் பில்டரிலும் குப்பியில் வடித்துப் பார். விமானப் பெற்றோல் நீலமாக இருக்க வேண்டும். நிறமே இல்லாமல் குப்பி நிறைந்தால் மொத்தமும் தண்ணீராக இருக்கலாம். முகர்ந்து பார்.

உன் விமானம் செஸ்னா 152 என்றால், எஞ்சினை 1700 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1700 சுற்று) வைத்து, தீப்பொறி தரும் இரண்டு மெக்னிட்டோவையும் ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது சுற்று 125க்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் திரும்பி வா. நின்றபடி முழு த்ரொட்டிலுக்கு 2280 முதல் 2380 வரை வர வேண்டும். அங்கே 31 பாகை வெயிலில் இறக்கைக்கும் எஞ்சினுக்கும் அந்தக் காற்று 1900 அடி உயரத்துக் காற்று மாதிரி மெலிந்துவிடும். கடலோரம்தானே என்று எண்ணாதே.

ஓடுபாதையிலேயே எஞ்சின் தடுமாறினால் த்ரொட்டிலை மூடி பிரேக் பிடி, அவ்வளவுதான். எழும்பியபின் நின்றால் கை முதலில் செய்ய வேண்டியது மூக்கை இறக்குவது. 67 நொட்டில் (மணிக்கு சுமார் 124 கி.மீ.) நிமிர்ந்து ஏறும் விமானம் எஞ்சினின் இழுப்பு போனதும் சில நொடியில் வேகத்தை இழந்துவிடும். 60ஐப் பிடி. முன்னால் இடமும் வலமும் 30 பாகைக்குள் இடம் தேடு. நேரம் இருந்தால் மட்டும் மிக்சர் (காற்றும் பெற்றோலும் கலக்கும் அளவைக் கட்டுப்படுத்தும் பிடி), பெற்றோல் வால்வு, மெக்னிட்டோ என்று மூடு. இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பிளாப் மின்சாரத்தில் இயங்குவதால், மின்சாரத்தை அணைக்கும் மாஸ்டர் சுவிட்ச் கடைசியில்.

ஓடுபாதைக்குத் திரும்பி வர முயலாதே. 180 பாகை திரும்பினால் ஓடுபாதைக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்பாய். அதன்மேல் வர இன்னும் திரும்ப வேண்டும். 45 பாகை சரித்தால் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகும் வேகம், சுமார் 19 சதவீதம் கூடும். எதிர்காற்று 10 நொட் என்றால், அதே 60இல் நேரே இறங்கும்போது தரை வேகம் 50. திரும்பி வந்தால் அதே காற்று முதுகில் தள்ள 70. மோதும் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடல் பக்கம் எழும்பினால் காலி ஊருக்குப் போகும் பெருவீதி, ரயில் பாதை, அப்புறம் தண்ணீர். இறங்கும் இடத்தை நிலத்தில் நிற்கும்போதே நடந்துபோய்ப் பார்த்து வை.

எனக்குப் பெரிய பயம், முழுதாக நிற்காமல் அரைகுறையாக ஓடும் பாதி எஞ்சின்தான். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2000 முதல் 2010 வரையான ஒற்றை எஞ்சின் விமானங்களைப் பார்த்தது. எழும்பியபின் எஞ்சின் முழுதாக நின்றவை 75, அவற்றில் உயிர்ச்சேதம் இல்லை. சக்தி ஓரளவு மட்டும் குறைந்தவை 242. 9இல் உயிர் போனது. இன்னும் ஓடுகிறதே என்ற நம்பிக்கையில் உயரத்தைக் காக்க மூக்கைப் பிடித்துக்கொண்டே திரும்புவார்கள், வேகம் கரைந்துவிடும். அரைகுறையாக ஓடும் எஞ்சின் எப்போதும் நிற்கலாம் என்றே வைத்துக்கொள். வேகம் 60க்குக் கீழே போகவிடாதே.

ஒவ்வொரு தடவையும் த்ரொட்டிலைத் தொடும் முன், எங்கே இறங்குவாய் என்பதை வாய்விட்டுச் சொல், மகள். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் சொல்.

அப்பா