பரம்பில் எடுத்த ஓடு

ஸ்ரீவைகுண்டம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாரந்தோறும் தொலைபேசியில் பேசிக்கொள்ளும்போது எதற்கு ஒரு கடிதம் என்று நீ நினைக்கலாம். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று நீ கேட்பதற்கும், பேரன் எங்களிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு ஓடுவதற்குமே அந்த நேரம் சரியாகப் போய்விடுகிறது. இந்த விஷயத்தை அப்படித் துண்டு துண்டாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவிரவும், இது நீ குடியிருக்கும் பெர்லின் நகரத்தோடு சம்பந்தப்பட்டது. கடைசியில் உனக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன்.

ஆதிச்சநல்லூர்ப் பரம்பை நீ மறந்திருக்க மாட்டாய். ஆற்றுப் பாலத்தைக் கடந்து, புதுக்குடியில் மேற்கே திரும்பித் திருநெல்வேலிக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "இங்கே மட்டும் ஏன் வயலே இல்லை?" என்று நீ கேட்பாய். ஒரு பக்கம் தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையுமாகப் பச்சைப் பசேலென்று கிடக்க, இந்த 114 ஏக்கர் மேடு மட்டும் சரளைக்கல்லும் உடைமரமுமாக வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். உழுது பயிர் செய்கிற நிலத்தை வீணாக்காமல், ஏர் இறங்காத பாறை மேட்டைத் தேர்ந்து, அந்தப் பாறையையே குடைந்து குழி வெட்டி, இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். அன்று உன் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. சரியான பதில் இதுதான்.

போன வாரம் அங்கே போய் வந்தேன். நான் சிறுவனாக இருந்த நாளில் அந்த மேட்டில் ஆடு மேய்ப்பவர்களைத் தவிர யாரும் ஏறுவதில்லை. பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால் மண் கரைந்து தாழிகளின் வாய் விளிம்புகள் வட்டம் வட்டமாகத் தெரியும். அவற்றுக்குள் காலை விட்டால் பேய் இழுத்துக்கொள்ளும் என்று உன் ஆச்சி மிரட்டி வைத்திருந்தாள். இன்று அதே மேட்டில் அகழாய்வுக் குழிகளுக்குக் கூரை போட்டு, குழியின் மேல் தடித்த கண்ணாடியைத் தளமாகப் பரப்பி, கீழே தாழிகள் கண்டெடுக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும்படி விட்டிருக்கிறார்கள். நாட்டிலேயே முதல் களக் காட்சியகம் என்று சொல்லி 2023 ஆகஸ்ட் 5 அன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இதைத் திறந்து வைத்ததோடு, பெரிய அருங்காட்சியகத்துக்கும் அன்றே அடிக்கல் நாட்டினார். ராக்கிகடி, ஹஸ்தினாபூர், சிவசாகர், தோலாவிரா ஆகியவற்றோடு ஆதிச்சநல்லூரும் தேர்வாகியிருக்கிறது என்று 2020ஆம் ஆண்டு பட்ஜெட் உரையில் அவர் வாசித்தபோது, உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் வந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நான் போயிருந்தபோது கருங்குளம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பிள்ளைகள் கண்ணாடியின் மேல் தடதடவென்று ஓடினார்கள். கூட வந்த பாட்டி மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு விளிம்பிலேயே நின்றுவிட்டாள். உடையாது, பயப்படாதீர்கள் என்று பேரன் கையைப் பிடித்து இழுத்தபோது, "ஒடையுமான்னா கேட்டேன்? பெரியவங்க தலைக்கு மேல நடக்கலாமாலே?" என்று அதட்டிவிட்டு, சுவரோரமாகவே சுற்றிவந்து எல்லாவற்றையும் பார்த்தாள். அதற்குப் பிறகு எனக்கும் அந்தக் கண்ணாடியில் கால் வைக்கக் கூசியது. நானும் அவள் போன வழியிலேயே போனேன்.

மேலிருந்து பார்க்கும்போதுதான் ஒரு செய்தி விளங்குகிறது. தாழி என்பது தனியாக ஒரு பானை அல்ல. தாழியைச் சுற்றிலும் சிறு கலயங்கள், மூடிகள், தாங்கிகள். சில இடங்களில் ஒரு தாழியின் வாயில் இன்னொரு தாழியையே கவிழ்த்து மூடியிருக்கிறார்கள். 2004ஆம் ஆண்டு தி. சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, 600 சதுர மீட்டர் பரப்புக்குள்ளேயே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. ஒரு தலைமுறையின் தாழிகள் மேல் மண் போட்டு அடுத்த தலைமுறையின் தாழிகளை வைத்து, அப்படியே மூன்று அடுக்காகப் புதைத்திருக்கிறார்கள். அவரவர் அப்பனுக்கும் பாட்டனுக்கும் மேலேதான் அவரவர் படுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். எது மேலே, எது கீழே, எதன் பக்கத்தில் எது என்பதை அறிந்தால்தான் இந்த வரிசையைப் படிக்க முடியும். கண்ணாடித் தளத்தின் அருமை அங்கேதான் இருக்கிறது.

இனிப் பெர்லின் கதைக்கு வருகிறேன். 1876ஆம் ஆண்டு பெடோர் யாகோர் என்கிற பெர்லின்காரர் இந்த மேட்டுக்கு வந்தார். ஊர் ஊராகச் சுற்றி எழுதிய பயணி, இயற்கை ஆராய்ச்சியாளர். சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் பிடித்ததும் அதே ஆண்டுதான். மாவட்டக் கலெக்டர் உடனிருக்கத் தோண்டி, ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை மட்கலங்களையும், இரும்புக் கத்தி, கோடரி முதலானவற்றையும், மனித எலும்புகளையும் மண்டையோடுகளையும் எடுத்துப் பெர்லின் மக்களினவியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போனார். நம் பரம்பில் தொல்பொருள் தேடிப் போடப்பட்ட முதல் மண்வெட்டிக் கொத்து அது. 1903–04இல் பாரீசிலிருந்து லூயி லாபிக் என்பவர் வந்து அவர் பங்குக்குத் தோண்டி எடுத்துச் சென்றார். லாபிக் வந்ததையும் உள்ளடக்கிய காலத்தில், 1899 தொடங்கி 1905 வரை, அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அதிகாரி விரிவாகத் தோண்டினார்.

ரீயை நான் மற்ற இருவரோடு சேர்த்துப் பேச மாட்டேன். அவர் எடுத்ததையெல்லாம் பட்டியலிட்டார். அந்தப் பட்டியல் 1915இல் சென்னை அரசு அச்சகத்தில் நூலாக வந்தது. தாழிகளில் இரும்பு ஆயுதங்கள் முனை கீழ்நோக்கி இருந்தன, துக்கத்துக்கு வந்தவர்கள் குத்தி நிறுத்திவிட்டுப் போனதைப் போல, என்று அவர் குறித்து வைத்ததால்தான் அந்தக் காட்சி இன்று நமக்குக் கிடைக்கிறது. நெல் உமியும் சிறுதானிய உமியும் கலயங்களில் இருந்ததை எழுதினார். நெற்றியில் கட்டும் பொற்பட்டங்களை எழுதினார்: மெல்லிய தங்கத் தகட்டை நீள்வட்டமாக வெட்டி, புள்ளி புள்ளியாகத் தட்டி, கயிறு கோக்க இரு முனையிலும் துளையிட்டவை. ஆனால் அத்தனையும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை எழும்பூருக்குப் போனபோது அந்த வெண்கலப் பொருள்களின் முன்னால் வெகுநேரம் நின்றேன். கிண்ண மூடிகளின் உச்சியில் பிடிக்குப் பதிலாகப் பறவைகளும் விலங்குகளும் நிற்கின்றன. எருமையின் கொம்பு பின்னோக்கி வளைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால், வடித்த கை தினமும் எருமையைப் பார்த்த கை என்று தெரிந்துவிடும். அங்குள்ள சில வெண்கலக் கலங்களில் வெள்ளீயம் 20 விழுக்காட்டுக்கும் மேல் கலந்திருப்பதாக உலோகவியலார் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் ஆறியபின் தட்டினால் உடைந்துவிடும். சூட்டோடு தட்டி, சட்டென்று நீரில் அமிழ்த்தித்தான் வேலை வாங்க வேண்டும். வெள்ளீயமோ நம் பக்கத்தில் விளையாத உலோகம். எங்கிருந்தோ வந்திருக்கிறது. என்னோடு வந்த ஆதிச்சநல்லூர்ப் பையன் ஒருவன், "இதெல்லாம் எங்க ஊர்லயே இருந்தா நான் தினமும் பார்ப்பேன்லா சார்" என்றான். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறி வந்து தன் ஊரைப் பார்த்த அவனுக்கு எழும்பூரும் பெர்லினும் ஒன்றுதான். ஆகவே, ஜெர்மனிக்காரன் கொண்டுபோய்விட்டான் என்று மேடை போட்டுப் பேசுபவர்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. முதலில் எழும்பூரைக் கேட்டுவிட்டு அப்புறம் பெர்லினைக் கேட்கட்டும்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், பேரன் கேட்பான். 2004இல் தோண்டியதன் காலக்கணிப்பு 2019இல்தான், அதுவும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு நடந்தபோதுதான், வெளியே தெரிந்தது: கி.மு. 905 முதல் 696 வரை. பிறகு பக்கத்துச் சிவகளையில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது ஒரு தாழியில் கிடைத்த நெல்லுமி கி.மு. 1155 என்று வந்தது. 2025 ஜனவரி 23 அன்று வெளியிட்ட அறிக்கையில், சிவகளையில் இரும்போடு கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று அறிவித்தார்கள். அன்று தெருவெல்லாம் பெருமைப் பேச்சு. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் வரலாற்று வாத்தியார் புத்தி விடுமா? இன்னும் பல மாதிரிகள் பல ஊர்களிலிருந்து இதே காலத்தைச் சொன்ன பிறகுதான் நான் பேரனுக்கு இதை அடித்துச் சொல்வேன்.

இங்கே ஆதிச்சநல்லூரில் 2021 அக்டோபரிலிருந்து மத்தியத் தொல்லியல் துறை மறுபடியும் தோண்டியதில், அடுத்த ஆண்டே ஒரு பொற்பட்டம் கிடைத்தது. ரீக்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் கழித்து, அதே மேட்டில். மாநில அரசோ திருநெல்வேலி ரெட்டியார்பட்டி மலையருகே ஏறத்தாழ 13 ஏக்கரில் பொருநை அருங்காட்சியகத்தை எழுப்பியிருக்கிறது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை மூன்றுக்கும் அங்கே இடம் உண்டு. டெல்லிக்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று என்று ஆளுக்கொன்றாகக் கட்டுகிறார்கள். அந்தப் போட்டி நம் ஊருக்கு நல்லதாகவே முடியட்டும். நீ விடுமுறையில் வரும்போது எல்லோருமாகப் போவோம், ஒரு பகல் முழுக்க வேண்டும்.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் நீ சொப்புச் சாமான் வைத்து விளையாடும்போது பொம்மைச் சோற்றுப் பானைக்கு மூடியாக வைப்பாயே, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஒரு வளைந்த ஓடு, நினைவிருக்கிறதா? அதை நான் பத்து வயதில் பரம்பில் எடுத்தேன். கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உள்ளே காற்றுப் புகாததால் உட்புறம் கறுத்தும், நெருப்பும் காற்றும் பட்ட வெளிப்புறம் சிவந்தும் போகும் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகப் பணிக்காலம் முழுவதும் அதை வகுப்புக்கு எடுத்துப் போவேன். யாகோரைப் பற்றி ஆத்திரமாகப் பாடம் நடத்திவிட்டு, அதே ஓட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன் பார். என் கையில் இருந்ததும் களவுதான் என்று அறுபது வருஷம் எனக்கு உறைக்கவில்லை.

போன வாரம் போனது அதைத் திருப்பிக் கொடுக்கத்தான். அங்கிருந்த இளைஞர் மரியாதையாக வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதை எந்த இடத்தில் எடுத்தீர்கள்? எவ்வளவு ஆழத்தில்? பக்கத்தில் என்ன இருந்தது?" என்று கேட்டார். தெற்கே, ஓடைப் பக்கமாக, ஒரு உடைமரத்தடியில் என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்த மரமும் இப்போது இல்லை. "அப்படியானால் மேற்பரப்பில் கிடைத்தது என்று மட்டும்தான் குறிக்க முடியும்" என்றார். அவர் குறை சொல்லவில்லை. ஆனால் அது யாருடைய தாழியின் பக்கத்தில் இருந்தது, மூன்று அடுக்கில் எந்த அடுக்கு, அதில் சோறு இருந்ததா தண்ணீர் இருந்ததா என்பதையெல்லாம் பத்து வயதில் நான் குனிந்து எடுத்த அந்த ஒரு நொடியிலேயே அழித்துவிட்டேன் என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது. ஓட்டைத் திருப்பிக் கொடுத்தேன். எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

உனக்கான வேலை இதுதான். யாகோர் கொண்டுபோன பொருள்களைப் பெற்ற அருங்காட்சியகத்தின் காட்சிக் கூடங்கள் இப்போது உங்கள் ஊர் அரண்மனைக் கட்டடமான ஹம்போல்ட் மன்றத்துக்கு மாறியிருக்கின்றன. கிடங்கும் ஆராய்ச்சியும் தாலெம் பகுதியில் இருக்கின்றன. 2022 ஆகஸ்டில், இன்றைய நைஜீரியாவில் இருந்த பழைய பெனின் அரசின் சிற்பங்கள் உள்ளிட்ட 512 பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்களும் அவர்களே. ஆகவே கேட்டால் காது கொடுப்பார்கள். நீ ஒரு விடுமுறை நாளில் பேரனையும் அழைத்துக்கொண்டு போ. திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டாம், அதை அரசுகள் பார்த்துக்கொள்ளட்டும். யாகோர் கையால் எழுதிய சீட்டு ஏதாவது அந்தப் பானைகளோடு இருக்கிறதா என்று மட்டும் கேள். ஆதிச்சநல்லூர் என்ற பெயரை அவர்கள் எழுத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள், திருநெல்வேலியைத் தின்னவேலி என்று போட்டிருக்கிறார்களா, எந்தக் குழி, சாலைக்கு வடக்கா தெற்கா, தாழிக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒரு வரியாவது இருந்தால், அதை ஜெர்மன் மொழியில் உள்ளபடியே எழுத்து எழுத்தாகப் படியெடுத்து, கீழே தமிழில் பொருள் எழுதி அனுப்பு. அப்படி ஒரு வரி இருந்துவிட்டால், யாகோர் என்னைவிட ஒழுங்கானவர் என்று ஒத்துக்கொள்கிறேன்.

சீட்டு ஒன்றும் இல்லை என்றாலும் எழுது. அம்மா உனக்கு உளுந்தம்பருப்பும் கருப்பட்டியும் தனியாக அனுப்புகிறாள். மாப்பிள்ளையை நாங்கள் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா