மூசையில் போடுமுன் ஒரு படம் எடுங்கள்

திருகோணமலை நகைக்கடைக்காரர்களுக்கும் பட்டறைப் பத்தர்மாருக்கும் வணக்கம்.

போன வருடம் அம்மம்மாவின் மூக்கு நகையான புல்லாக்கை விற்றோம். மருந்துச் செலவு, வேறு வழி இருக்கவில்லை. உரைகல்லில் ஒரு தேய்ப்பு, கல்லைக் கழற்றிவிட்டுத் தராசில் ஒரு நிறுவை, காசு கையில். விலையில் குறை சொல்லமாட்டேன். ஆனால் மனம் கேட்கவில்லை. ஒரு படமாவது எடுப்போம் என்று அடுத்த நாள் ஓடினேன். அதற்குள் மூசையில் போட்டு உருக்கிவிட்டார்கள்.

கண்ணை மூடினால் இன்னும் தெரிகிறது. மூக்கின் நடுத்தண்டில் மாட்டும் சின்னக் கொளுவி, கீழே ஆலிலை போல ஒரு தகடு, நடுவில் சிவப்புக் கல், விளிம்பில் இரண்டு முத்து. மூன்றாவது முத்து விழுந்த இடத்தில் வெறும் கம்பி. அது உதட்டுக்கு மேலேயே தொங்கும் என்பதால், தேத்தண்ணி குடிக்கும்போது அம்மம்மா இடதுகை விரலால் தூக்கிப் பிடித்துக்கொள்வார். 1990இல் ஊரை விட்டு ஓடியபோது சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனதும் அதைத்தான். ஆனால் தகட்டின் பின்பக்கம் எப்படி இருந்தது, கல்லுக்கு அடியில் அரக்கு வைத்திருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பார்த்த உடனே சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான்.

காது நகைக்கும் கழுத்து நகைக்கும் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. சாஞ்சி, அமராவதியின் பழைய பௌத்தச் சிற்பங்களில் பெண்களின் காதும் கையும் இடுப்பும் நகையால் நிறைந்திருக்கின்றன, மூக்கு மட்டும் வெறுமை. இந்தியாவில் மூக்கு நகை பரவியது அதற்கு எத்தனையோ நூற்றாண்டு பிந்தித்தான். பிந்தி வந்தாலும் எத்தனை வகை! மகாராட்டிரத்தில் முத்துக் கோத்த நத்து. உத்தரகாண்டின் டெஹ்ரிப் பக்கம் கன்னத்தில் படியும் பெரிய வளையம், பாரம் மூக்கை இழுக்காமலிருக்க அதிலிருந்து ஒரு சங்கிலியைத் தலைமயிரில் கொளுவிவிடுவார்கள். தமிழில் மூக்குத்தி, பேசரி, புல்லாக்கு என்று தனித்தனிப் பெயர். கன்னியாகுமரி அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நம்பிக் கப்பல்கள் பாறையில் மோதினவாம். துறைமுகத்தில் பிறந்த எனக்கு அம்மம்மா சொன்ன கதைகளில் மிகவும் பிடித்தது அதுதான்.

இன்று புல்லாக்கைப் பார்க்க அரங்கேற்ற மேடைக்குத்தான் போகவேண்டும். அதுவும் துளையில்லாமல் அழுத்தி மாட்டுகிற கவரிங். பிள்ளைகளுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே அச்சு. மூதூரிலோ தம்பலகாமத்திலோ ஒரு பத்தர் ஒருத்தியின் முகத்தைப் பார்த்து, அவளுக்கென்று செய்த வேலை அதில் இல்லை.

உருக்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. அது உங்கள் பிழைப்பு. விற்கிறவருக்கும் அன்றைக்கே காசு வேண்டும். பழைய மூக்குத்தியோ புல்லாக்கோ வந்தால், மூசையில் போடுமுன் முன்னும் பின்னும் ஒவ்வொரு படம், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து. அப்புறம் நிறை, எந்த ஊர், வீட்டில் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், இவ்வளவும் ஒரு கொப்பியில். விற்றவர் பெயர் வேண்டவே வேண்டாம். நகை விற்கவேண்டி வந்ததை நாலு பேருக்குத் தெரியவைக்க யாரும் விரும்பமாட்டார்கள்.

கடையில் இதற்கு ஆள் இல்லையென்றால் ஒரு நாள் மட்டும் பொறுங்கள், நானே வந்து எடுத்துத் தருகிறேன். பத்திரகாளி அம்மன் கோவிலடியில்தான் வீடு, உங்கள் கடைகள் எல்லாம் நடந்து வருகிற தூரம்.