பக்கவாதம் வந்தவருக்கு உடனே பிரஷரை இறக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கை கால் விழுந்து, வாய் கோணிப்போனவரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து கிளினிக்குக்கு ஓடுகிறார்கள். பிரஷர் 200/110. உடனே ஒரு காப்ஸ்யூலைக் குத்தி, மருந்தை நாக்குக்கு அடியில் விடுகிறார்கள். அரை மணி நேரத்தில் பிரஷர் 130-க்கு வந்துவிட, வீட்டாருக்கு நிம்மதி. ஆனால் அதுவரை லேசாக அசைந்த கை இப்போது அசைவதே இல்லை. நிஃபெடிபின் என்ற இந்தப் பிரஷர் மருந்தை நாக்குக்கு அடியில் விடுவது ஆபத்து என்று 1990-களிலேயே எச்சரித்தும் இந்தப் பழக்கம் முழுதாக ஒழியவில்லை.

மூளையின் ரத்தக்குழாய் அடைபட்டால் நடுப்பகுதி சில நிமிடங்களில் அழியத் தொடங்கும். அதைச் சுற்றியுள்ள பகுதி அரைகுறை ரத்தத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அங்குள்ள சிறு குழாய்கள் ஏற்கெனவே முடிந்த மட்டும் விரிந்துவிட்டதால், பிரஷர் எவ்வளவோ அவ்வளவுதான் ரத்தம் போய்ச் சேரும். கடைமடை வயலின் கதைதான்: ஆற்றில் வரத்து குறைந்தால் முதலில் காய்வது அது. உடல் பிரஷரை ஏற்றி வைத்திருப்பது பெரும்பாலும் இந்தப் பகுதியைக் காப்பாற்றத்தான். பலருக்குச் சில நாட்களில் அது தானாகவே இறங்கும்.

ஆகவே முதல் வேலை சி.டி. ஸ்கேன். அடைப்பா, ரத்தக்கசிவா என்று வெளியில் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. சீனாவில் 2,400-க்கு மேற்பட்டவர்களுக்கு ஆம்புலன்சிலேயே பிரஷரை இறக்கிப் பார்த்த ஆய்வு 2024-இல் வெளியானது. கசிவு உள்ளவர்களுக்கு அது நன்மை செய்தது, அடைப்பு உள்ளவர்களுக்குக் கெடுதல் செய்தது.

அடைப்பு என்று தெரிந்து, குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடாதவருக்கு 220/120 வரை பொதுவாகத் தொடுவதில்லை. அதைத் தாண்டினாலும் முதல் 24 மணி நேரத்தில் சுமார் 15 சதவீதம்தான் குறைப்போம். 230 என்றால் 195 போதும். மாரடைப்பு, நுரையீரலில் நீர் கோப்பது, மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) கிழிவது போன்றவை சேர்ந்திருந்தால் கணக்கு வேறு. கரைக்கும் ஊசி பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போடுவது. அதற்கு முன் 185/110-க்குக் கீழே கொண்டுவர வேண்டும், போட்ட பின் 24 மணி நேரம் 180/105-ஐத் தாண்ட விடக்கூடாது. தாண்டினால் மூளையில் ரத்தம் கசியலாம். அதனால்தான் செவிலியர் முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறையும், அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறையும், பிறகு மணிக்கு ஒரு முறையும் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கட்டுகிறார். தூங்குகிறவரை எழுப்புகிறார்களே என்று தயவுசெய்து தடுக்காதீர்கள்.

ரத்தக்கசிவு என்றால் நேர் எதிர். மேல் அளவு 150 முதல் 220 வரை இருப்பவருக்குத் தாமதிக்காமல் 140-ஐ நோக்கி இறக்க வேண்டும். அதையும் ஊசி, டிரிப் வழியாக, ஏற்ற இறக்கமில்லாமல் சீராகச் செய்ய வேண்டும். 130-க்குக் கீழே தள்ளுவதும் தவறு.

மருந்தைக் கையில் எடுக்குமுன் நோயாளியின் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள் என்று இளம் மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பேச்சு போனவருக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் சொல்லத் தெரியாது. டியூப் போட்டதும் பிரஷர் இறங்குவதுண்டு. வலி, வாந்தி, பயம் ஆகியவையும் ஏற்றிவிடும். விழாத கையில், கைப்பருமனுக்கு ஏற்ற பட்டை கட்டி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். பருத்த கையில் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும்.

வீட்டாருக்கு ஒன்று. 108-க்கு அழைத்துவிட்டு, வாயில் எதுவும் கொடுக்காமல் காத்திருங்கள். தண்ணீரும் மாத்திரையும்கூட வேண்டாம். விழுங்கும் திறன் போயிருந்தால் அது நுரையீரலுக்குப் போய் நிமோனியாவாகும். 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கு வரும் பிரஷர் மாத்திரை கையில் இருந்தாலும் அப்போது போடாதீர்கள்; மாத்திரை அட்டையை மட்டும் ஆஸ்பத்திரிக்கு எடுத்து வாருங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதையும் குறித்து வாருங்கள். நிலைமை சீரானவருக்கு, விழுங்குகிறாரா என்று சோதித்தபின், பெரும்பாலும் ஓரிரு நாளில் மாத்திரையைத் திரும்பத் தொடங்குவோம். அதன்பின் 130/80-க்குக் கீழே வைத்திருக்க வேண்டும், நிறுத்தவே கூடாது.

இப்படிக்கு,
பக்கவாத சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர்கள்
மதுரை