அப்பாவுக்குத் துணையா நின்னவங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு பக்கவாதம் வந்த அன்னிலேர்ந்து இப்போ வாக்கர் புடிச்சு நாலு எட்டு வைக்கற வரைக்கும் கூட நின்னவங்களுக்கு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு. பேர் போட்டா சிலருக்கு சங்கடமாயிடும்னு போடல, படிச்சா உங்களுக்கே தெரியும்.

ஆம்புலன்ஸ்ல வந்தவங்க வந்த வேகத்துல கேட்ட மொத கேள்வி "கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?" ரத்தக்கட்டைக் கரைக்கற ஊசியை பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், அதுக்குத்தான் அந்தக் கேள்வின்னு அப்புறமாதான் புரிஞ்சுது. நீங்க அன்னிக்கு டைம் குறிச்சுக்கிட்டது எவ்ளோ பெரிய விஷயம்!

வார்டு நர்ஸ் அக்கா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை எப்படி திருப்பிப் படுக்க வைக்கணும், முழங்காலுக்கு நடுவுல தலையணை எப்படி வைக்கணும்னு பொறுமையா கத்துக் குடுத்தீங்க, இன்னிவரைக்கும் அப்பாவுக்கு படுக்கைப்புண் வரல. துணி மாத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் திரையை இழுத்து மூடின அந்த அண்ணனுக்கும் நன்றி. பேச்சு வராத மனுஷனுக்கும் கூச்சம் இருக்கும்ல, அது உங்களுக்குத் தெரிஞ்சுது.

உதவித்தொகை விஷயம்தான் எங்கள ரொம்ப அலைய விட்டுச்சு. ஒரு ஆபீஸ்ல எந்திரிக்கவே முடியாத மனுஷனை நேர்ல கூட்டிட்டு வந்தாத்தான் ஃபார்மையே தொடுவோம்னுட்டாங்க. அப்புறம் இன்னொரு எடத்துல ஒரு மேடம், கவுன்டர விட்டு வெளிய வந்து வீல்சேர் பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்து, என்கிட்ட கேக்காம அப்பாகிட்டயே ஒவ்வொரு கேள்வியா கேட்டு, அவர் தலையாட்டற வரைக்கும் காத்திருந்து எழுதினாங்க. பின்னாடி வரிசை நீளமா இருந்துச்சு, அவங்க அவசரப்படல. மேடம், பணத்தை விட அதுதான் எங்களுக்குப் பெருசு.

முகம் தெரியாத இன்னும் நெறைய பேருக்கும் நன்றி. அந்தக் கட்டில், மருந்து, வீல்சேர் எல்லாம் நீங்க கட்டின வரியில வந்ததுதான்.

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். நல்ல மனசுக்காரங்க சீட்ல இருந்தா வேலை நடக்குது, அவங்க லீவுன்னா நடக்கல, இது அதிர்ஷ்டத்தை நம்பி விடற விஷயமா? நோய், உடல் குறைபாடு, முதுமைன்னு வந்தா பாதுகாப்பு கெடைக்கணும்னு ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் 25வது பிரிவுல 1948லயே எழுதியாச்சு. உரிமைன்னு எழுதினதை நாம இன்னமும் கெஞ்சி வாங்கறோம், வாங்கும்போது தலையும் குனியறோம். ராத்திரி ஷிஃப்ட்ல ஒரே நர்ஸ் முழு வார்டையும் ஓடி ஓடிப் பாத்தத கண்ணால பாத்தவன் நான். அன்பா பேசவும் நேரம் வேணும், அந்த நேரம் கெடைக்கணும்னா ஆள் போடணும், அதுக்குக் காசு ஒதுக்கச் சொல்லி நாமதான் கேக்கணும்.

புகார்னா உடனே எழுதிடறோம், பாராட்டை யாரும் எழுதறதில்ல. அதனால உங்க எல்லாரோட மேலதிகாரிகளுக்கும் தனித்தனியா லெட்டர் போட்டிருக்கேன். படுக்கையில இருக்கறவங்க வீட்டுக்கே வந்து விண்ணப்பம் வாங்கணும்னு உதவித்தொகை குடுக்கற துறைக்கு ஒரு மனுவும் ரெடி பண்ணிட்டு இருக்கேன், இதே கஷ்டம் பட்டவங்க யாராவது கூட சேர்ந்து கையெழுத்துப் போடறதா இருந்தா மெசேஜ் பண்ணுங்க.