பனங்கொட்டையை ஆவணியிலேயே புதைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள்களில் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் வெளிவந்த பள்ளிப் பொங்கல் விழாப் படங்களை ஒன்றுவிடாமல் பார்த்தேன். ஏறத்தாழ எல்லாப் படங்களிலும் நடுவில் கோலமிட்ட பானை, பின்னால் கரும்பு, அதையொட்டிச் சால்வை அணிந்த விருந்தினர்கள், இரு ஓரங்களிலும் பட்டுப்பாவாடையும் வேட்டியும் உடுத்திய சில குழந்தைகள். அரிசி களைகிற பிள்ளையையோ, அடுப்பு ஊதிக் கண் கலங்கிய பிள்ளையையோ ஒரு படத்திலும் காணவில்லை. தாமிரபரணிக் கரையோர ஊர்களின் அரசு நடுநிலைப்பள்ளிகளில் கணக்கு ஆசிரியையாகவும் பின்னர்த் தலைமையாசிரியையாகவும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியவள் என்ற முறையில் இதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

விழாக்களால் படிப்பு கெடுகிறது என்று குறைப்பட்டுக்கொள்பவர்களின் கட்சியில் நான் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் ஓராண்டில் தொடக்க வகுப்புகளுக்கு 200 நாள்களும், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 220 நாள்களும் பள்ளி நடைபெற வேண்டும் என்கிறது. அவற்றில் சில நாள்கள் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் போவதால் குடி முழுகிவிடாது. 2022-ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடத்தப்படும் கலைத் திருவிழாவில், வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை பறையை எடுத்து அடித்ததைக் கண்டு ஆசிரியர்களே திகைத்த கதைகளை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அது போட்டி. பள்ளியிலிருந்து வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போகப் போகப் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருவார்கள். போட்டி என்றால் அப்படித்தான் இருக்க முடியும். என் வருத்தமெல்லாம், போட்டியே இல்லாத பருவ விழாக்களும் அதே போக்கில் நான்கைந்து பிள்ளைகளுக்கு உரியவையாகச் சுருங்கி, மற்றவர்கள் வெயிலில் உட்கார்ந்து கைதட்டும் நிகழ்ச்சிகளாக ஆகிவிட்டனவே என்பதுதான்.

என் பேத்தி படிக்கும் தனியார் பள்ளியில் இந்த ஆண்டு நடந்ததையே சொல்கிறேன். விழாவுக்கு மூன்று நாள் முன்பு கைப்பேசியில் அறிவிப்பு வந்தது. பெண் பிள்ளைகள் பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ. ஆடுகிறவர்கள் குறிப்பிட்ட கடையில் வாடகைக்கு உடை எடுத்துக்கொள்ள வேண்டும். தெர்மாகோல் குடிசையும் அட்டைக் காளையும் நிற்க, அவற்றின் முன்னால் ஒவ்வொரு வகுப்பையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பொங்கல் சமையற்காரரிடமிருந்து அடுக்குச் சட்டியில் வந்து இறங்கியது. வீடு திரும்பியவளிடம், "பொங்கல் எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "போட்டோ எடுத்தாங்க ஆச்சி" என்றாள். அரசுப் பள்ளிகளின் நிலையும் வெகுவாக வேறல்ல. இன்ன நாளைக் கொண்டாட வேண்டும் என்ற கல்வித் துறைச் சுற்றறிக்கைகள் முந்தைய நாள் மாலையில் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். கடைசி வரி பெரும்பாலும், நிகழ்ச்சியின் புகைப்படங்களை மாலைக்குள் அனுப்புக என்பதாக இருக்கும். ஒரே இரவில் ஆசிரியர் வேறு என்ன செய்வார்? ஏற்கெனவே நன்றாக ஆடுகிற பிள்ளையைக் கூப்பிடுவார். அந்தப் பிள்ளைதான் ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளன்றும் ஆடியிருக்கும், நவம்பர் 14 அன்றும் ஆடியிருக்கும்.

எங்கள் நெல்லைச் சீமையில் சிறுவீட்டுப் பொங்கல் என்று ஒன்று உண்டு. மார்கழி முழுவதும் வாசல் கோலத்தில் சாண உருண்டை பிடித்துப் பூசணிப்பூ வைப்பார்கள். அந்தப் பூவையும் சாணத்தையும் அன்றன்றே வறட்டியாகத் தட்டிக் காயவைத்துச் சேர்த்து வைப்பார்கள். தை பிறந்ததும் வாசலில் களிமண்ணால் முழங்கால் உயரம்கூட இல்லாத சுவர் எழுப்பி, அடுப்படி, முற்றம் என்று பிரித்துச் சிறுமிகளுக்கென்று ஒரு வீடு கட்டி, அதில் அவர்கள் கையாலேயே பொங்கலிட்டு, சேர்த்து வைத்த வறட்டிகளை ஆற்றில் கொண்டு போய் விடுவார்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருப்பார்கள், தீ பற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சோறு குழைந்தாலும் அடிப்பிடித்தாலும் அது சிறுமிகளின் பொங்கல். பிள்ளைகளை நம்பி ஒரு விழாவை ஒப்படைக்க நம் ஊர் பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளிகளாகிய நமக்குத்தான் இன்னும் கை வரவில்லை.

விழா ஒரு நாளில் வருவதாக இருக்கலாம். அதற்கான வேலை பருவம் முழுவதும் பரவிக் கிடக்க வேண்டும். பொங்கலுக்குப் பனங்கிழங்கு இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. அந்தக் கிழங்கு தையில் வேண்டுமென்றால் பனம்பழம் விழுகிற ஆவணி, புரட்டாசியிலேயே கொட்டைகளைப் பொறுக்கி, மண்ணைக் குவித்துப் பாத்தி கட்டி, நெருக்கமாக அடுக்கிப் புதைத்திருக்க வேண்டும். நான் ஆறாம் வகுப்பை ஏற்றிருந்த ஓர் ஆண்டில், முதல் பருவம் முடிவதற்குள் பிள்ளைகள் பனையேறிகளின் குடிசையான விடிலிப் பக்கமிருந்து நூற்றுக்குச் சற்று அதிகமான கொட்டைகளைக் கொண்டு வந்து பள்ளியின் கொல்லையில் புதைத்தார்கள். எந்தக் கொட்டையை யார் கொண்டு வந்தது என்று குறித்து வைத்துக்கொண்டார்கள். நடுவில் ஒருநாள் பொறுமை இழந்த நான்கு பையன்கள் சில கொட்டைகளை வெட்டி, உள்ளே இருந்த பஞ்சு போன்ற தவுனைத் தின்றுவிட்டார்கள். அவர்களைத் திட்டுவதற்குப் பதிலாக, முளை கீழ்நோக்கிப் போவதையும் கொட்டைக்குள் இருந்த பருப்பை உறிஞ்சித் தவுன் வளர்ந்திருப்பதையும் அறிவியல் ஆசிரியர் அதே வெட்டிய கொட்டையைக் கொண்டே மற்றவர்களுக்குக் காட்டினார். ஜனவரியில் பள்ளி திறந்த வாரம் பாத்தியைக் கிளறிக் கிழங்கு எடுத்தோம். புதைத்தது எத்தனை, முளைத்தது எத்தனை, தின்றவை போக எத்தனை என்று சதவீதக் கணக்கு தானாக வந்தது. ஒவ்வொரு கிழங்கின் நீளத்தையும் அளவுகோலால் அளந்து சராசரி கண்டார்கள். சந்தையில் 25 கிழங்கு கொண்ட கட்டு என்ன விலை என்று விசாரித்து வந்து, நம்முடையதை விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று ஒருத்தி கணக்கிட்டாள். கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்துத் தின்றோம். வாடகை உடைக்கோ பந்தலுக்கோ ஒரு காசு செலவாகவில்லை. அந்த வகுப்பில் வேடிக்கை பார்த்த பிள்ளை என்று ஒருவரும் இல்லை.

அந்த ஆண்டின் பொங்கல் விழாவில் ஒரு பையன் கேட்ட கேள்வியை இன்றும் மறக்கவில்லை. அறுவடைத் திருநாள் என்று பொங்கலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று, "டீச்சர், நம்ம வயல்ல இன்னும் அறுக்கவே இல்லையே?" என்றான். உண்மைதான். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு நெல் போகம். பிசானத்தை ஐப்பசி வாக்கில் நட்டால் அறுப்பு மாசி, பங்குனிக்குத்தான் வரும். தையில் பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் பயிர் பச்சையாக நின்றுகொண்டிருக்கும்போது, பிள்ளைகள் இந்தப் பக்கம் நின்று அறுவடை என்று ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அன்று நான் தடுமாறித்தான் போனேன். மறுநாள் ஒரு விவசாயியை வகுப்புக்கு அழைத்து வந்து, கார் எப்போது, பிசானம் எப்போது, பாபநாசம் அணையில் தண்ணீர் எப்போது திறப்பார்கள், ஒவ்வொரு ஊரிலும் அறுப்பு ஏன் ஒரே மாதத்தில் வருவதில்லை என்று பேச வைத்தோம். அதைவிடச் சிறந்த சமூக அறிவியல் வகுப்பை நான் எடுத்ததில்லை, எடுத்தவரும் நானில்லை. மேடையில் ஆடிவிட்டு இறங்கும் விழாவில் இந்தக் கேள்விக்கு இடமே வந்திருக்காது.

பாடப்புத்தகமே இதற்கெல்லாம் கைகொடுக்கிறது என்பதைப் பெற்றோர் பலர் அறியமாட்டார்கள். ஆறாம் வகுப்புக் கணக்கில் விகிதமும் சமச்சீர்த் தன்மையும் பாடங்கள். கோலத்துக்கு நேர்ப்புள்ளியில் 7-இல் தொடங்கி 1 வரை வைத்தால் மொத்தம் 25 புள்ளி. ஊடுபுள்ளியில் 7-இல் தொடங்கி 4 வரை வைத்தால் 37. முதலாவதை நான்காக மடித்தால் பொருந்துகிறது, இரண்டாவதை ஆறில் ஒரு பங்கு சுழற்றினால் பொருந்துகிறது என்பதைத் தரையில் மாவால் போட்டுப் பார்த்த பிள்ளைக்குக் கரும்பலகையில் கோடு கிழித்து விளக்க வேண்டிய தேவையே இல்லை. அந்தப் பாடத்தில் பெண் பிள்ளைகளைவிடக் கோலம் போட்டுப் பழகாத பையன்கள்தான் திணறுவார்கள், அது வகுப்புக்கு நல்லது. ஒரு பங்கு அரிசிக்குக் கால் பங்கு பாசிப்பருப்பு, ஒன்றரைப் பங்கு வெல்லம் என்றால், நாற்பது பேருக்கு என்ன அளவு என்பது விகிதக் கணக்கு. 2012-13-இல் முப்பருவ முறை வந்தபோதே பருவ இறுதியில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு 60 மதிப்பெண், பருவத்தினூடே செயல்பாடுகளைக் கொண்டு தரும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் என்று பிரித்ததன் நோக்கம், பிள்ளைகள் செய்து கற்பதற்கும் மதிப்பெண் உண்டு என்பதுதான். நடைமுறையில் என்ன ஆயிற்று? செயல்பாடு என்ற பெயரில் அட்டையில் ஒட்டும் படங்களைக் கடையிலிருந்து வாங்கி வருகிறார்கள். தெர்மாகோல் மாதிரிகளை அப்பாவும் அம்மாவும் இரவு பதினோரு மணி வரை கண் விழித்து ஒட்டுகிறார்கள். விழா ஒரு பக்கம், செயல்பாடு ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம் என்று மூன்றையும் தனித்தனியே இழுப்பதால்தான் ஆசிரியருக்கும் நேரம் போதவில்லை. பனங்கிழங்குப் பாத்தியையும் கோலத்தையுமே வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடாகக் கொண்டால் இரண்டு வேலை ஒன்றாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எங்கள் மாவட்டத்தில் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறம்கூடச் சாதியைச் சொல்லும். 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சாதியின் பேரால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. தடை வேண்டியதுதான். ஆனால் பிள்ளைகள் சேர்ந்து எதையாவது செய்யவும் வேண்டாமா? நாங்கள் பொங்கலுக்கு ஆளுக்கு ஒரு பிடி அரிசி வீட்டிலிருந்து கொண்டு வரச் சொல்வோம். எந்த வீட்டாலும் ஒரு பிடி அரிசி இயலும். ஒரு பிடிக்கு மேல் யாரிடமும் வாங்கமாட்டோம். எல்லாம் ஒரே பானையில் விழும். யார் அரிசி எது என்று பிறகு எவராலும் பிரிக்க முடியாது. எந்தப் பிள்ளை கிளறியது, எந்தப் பிள்ளை பரிமாறியது என்பதை வீட்டில் போய்ச் சொன்னபோது, ஓரிரு பெற்றோர் முகம் சுளித்துக்கொண்டு பள்ளிக்கு வந்ததும் உண்டு. வரட்டும் என்று இருந்தோம். பொங்கலை மதச் சடங்காக ஆக்காமல் ஞாயிறுக்கும் மழைக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்லும் நாளாக வைத்துக்கொண்டால் எந்தச் சமயத்துப் பிள்ளையும் ஒதுங்கி நிற்க நேராது. கத்தோலிக்கத் தேவாலயங்கள் பலவற்றின் முற்றத்திலும் இன்று பொங்கல் பானை ஏறுகிறது.

பள்ளிக் கல்வித் துறையை நான் கேட்டுக்கொள்வது மிகச் சிறிது. ஒவ்வொரு பருவமும் தொடங்கும்போதே அந்தப் பருவத்தின் விழா நாள்களைப் பள்ளிகளுக்கு அறிவித்துவிட வேண்டும். அவற்றுக்கான ஏற்பாட்டை வகுப்பு வாரியாகப் பிரித்துக்கொள்ளும் உரிமையை ஆசிரியர்களிடம் விட வேண்டும். பெற்றோர் பணம் கொடுத்து வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ நேரும் எதையும் எந்தப் பள்ளியும் கட்டாயப்படுத்தக் கூடாது. மாலைக்குள் புகைப்படம் என்ற வரியை எடுத்துவிட்டு, வகுப்புக்கு ஒரு பிள்ளை எழுதிய ஒரு பக்கத்தைப் பள்ளியிலேயே தொகுத்து வைத்தால் போதும் என்று ஆக்க வேண்டும். ஆண்டாய்வுக்கு வருகிற அலுவலருக்கும் படத்தைவிட அந்தப் பக்கம்தான் அதிகம் சொல்லும்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. படம் நாளிதழில் வரும் என்பதால்தான் பானைக்குப் பின்னால் சால்வைகள் வரிசைகட்டி நிற்கின்றன. அடுத்த தையில் அந்தப் படங்களில் பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் மாவட்டத்துக்கு ஒரு பிள்ளை தன் பள்ளிப் பொங்கலைப் பற்றி எழுதியதை, எழுத்துப் பிழையுடனேயே ஆனாலும், அச்சிடுங்கள். கரிப் பிடித்த பானையும் குழைந்த சோறும் அதில் வந்தால் வரட்டும். ஆவணிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கொட்டை பொறுக்க விரும்பும் ஆசிரியர்களுக்கு அவகாசம் போதுமானது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்.