ஒரு பிடி மண்ணுக்குப் பதிலாக

நாக்ஸ்வில், டென்னசி
ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? காலையில் வாழ்த்துச் சொல்லப் போன் போட்டபோது பாப்பா பேசவே விடவில்லை. அதனால்தான் கடிதம்.

போன மாதம் ஒன்று கேட்டீர்கள்: "அங்க மண்ணு எப்படிம்மா இருக்கு? வரும்போது ஒரு பிடி எடுத்துட்டு வா, பார்க்கணும்." கொண்டுவர முடியாது அப்பா. நான் உங்களுக்குக் காட்ட ஆசைப்படும் மண் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கிருந்து செடியோ மண்ணோ எடுக்கக் கூடாது. ஏர்போர்ட்டிலும் விடமாட்டார்கள். அதனால் எழுதியே காட்டிவிடுகிறேன்.

வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் கிரேட் ஸ்மோக்கி மலைகள். புகை மாதிரி மூடுபனி ஏறிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். விடிகாலையில் நம் வாசலில் நின்றால் தாண்டிக்குடிப் பக்கம் தெரியுமே, அதே நீலம். ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல். 1934-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். போன சனிக்கிழமை அங்கே போர்ட்டர்ஸ் கிரீக் என்ற ஓடையை ஒட்டிய பாதையில் நடந்தோம்.

மலை முகட்டில் மண் அவ்வளவு நன்றாக இல்லை. நீங்கள் பார்த்தால் "புளிச்ச மண்ணு" என்று சொல்லிவிட்டு நடப்பீர்கள். ஓக், பைன், ரோடோடென்ட்ரன்தான் அங்கே. ரோடோடென்ட்ரன் இலை தோல் மாதிரி தடிப்பு, உதிர்ந்தால் வருஷக்கணக்கில் மக்காமல் கிடக்கும். ஆனால் இரண்டு சரிவுகள் சேரும் மடிப்பு இருக்கிறதே, அதை இங்கே 'கோவ்' என்கிறார்கள், அங்கேதான் விஷயமே. மேலேயிருந்து மண்ணும் சருகும் நீரும் சரிந்து சரிந்து அங்கே வந்து சேர்கின்றன. காற்று அடிப்பதில்லை, ஈரம் காய்வதில்லை. அடிவாரத்திலேயே வருஷத்துக்கு 55 அங்குலம் மழை, உச்சியில் 85. கொடைக்கானல் சோலைகளும் இப்படி மலை மடிப்பில்தானே ஒதுங்கி நிற்கின்றன!

அந்த மடிப்பில் நிற்பவை சுகர் மேப்பிள், பேஸ்வுட், பக்கை, வெள்ளை ஆஷ், டியூலிப் பாப்ளர். எல்லாம் குளிர்காலத்தில் மொட்டையாகிவிடும் மரங்கள். பேஸ்வுட்டிலும் மேப்பிளிலும் இலை மெல்லியது, சுண்ணாம்புச் சத்தும் அதிகம். அதனால் சீக்கிரம் மக்கிவிடுகிறது. நல்ல மண் நல்ல இலையைத் தருகிறது, அந்த இலை விழுந்து மண்ணை இன்னும் நல்லதாக்குகிறது.

பாதையோரம் பெரிய மரம் ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. வேர் பிடுங்கிய குழியின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். கறுப்பு. வறுத்து அரைத்த காப்பித்தூள் மாதிரி பொலபொலவென்று, ஆனால் ஈரமாக. அழுத்தினால் உருண்டை பிடித்தது, விரலால் தட்டியதும் குருணைகுருணையாக உடைந்தது. நம் தோட்டத்தில் கல்யாண முருங்கை மரத்தடி மண் இருக்குமே, அந்த வாசனை. ஒரு சருகைப் புரட்டியதும் விரல் நீளத்தில் சாலமாண்டர் ஒன்று ஓடியது. பல்லி மாதிரி இருக்கும், ஆனால் தவளைக்குத்தான் நெருங்கிய சொந்தம். அதில் ஒரு பெரிய கூட்டத்துக்கு நுரையீரலே கிடையாது, ஈரத் தோலாலேயே மூச்சு விடுகின்றன. இந்த மலைகளில் மட்டும் 30 வகை இருக்கின்றன. எடுத்த மண்ணை எடுத்த இடத்திலேயே போட்டு, சருகையும் மூடிவிட்டு வந்தேன்.

இப்போது பூக்கள். இதை நீங்களும் அம்மாவும் நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு அடங்காத ஆசை. மார்ச், ஏப்ரலில் குளிர் குறைந்திருக்கும், மரங்கள் இன்னும் தழைத்திருக்காது. அந்த ஆறேழு வாரம்தான் தரைக்கு முழு வெயில். சின்னச் செடிகள் அத்தனையும் அதற்காகவே காத்திருந்து முளைத்து, பூத்து, காய்த்து முடித்துவிடுகின்றன. மேலே இலை கூடாரம் போட்டதும் பாதிச் செடிகள் மறைந்துவிடும். ஜூனில் வந்து பார்ப்பவர்களுக்கு அவை இருந்த சுவடே தெரியாது, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தூங்கும்.

ஓடையைத் தாண்ட ஒற்றை மரப்பாலம். அதைக் கடந்ததும் சரிவு முழுக்க வெள்ளை. பனி கிடக்கிறது என்று பாப்பா ஓடினாள். கிட்டப் போனால் விரல் நகம் அளவுப் பூக்கள், ஒவ்வொரு இதழின் ஓரமும் விளிம்பு கிழித்த துணி மாதிரி. ஃபேசீலியா என்று பெயர். நடுவில் டிரில்லியம்: மூன்று இலை, மூன்று இதழ். இன்னொன்றின் பூ, சின்னக் கால்சட்டைகளைக் கொடியில் தலைகீழாகக் காயப்போட்டது போல வரிசையாகத் தொங்குகிறது. சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு குடும்பத்துச் செடியும் ஒன்று உண்டு. கருணை மாதிரியே பச்சையாகக் கடித்தால் வாய் அரித்துக் கொன்றுவிடுமாம்.

நிலத்தில் என்ன முளைக்கிறது என்று பார்த்தே மண்ணைச் சொல்லிவிடுவீர்களே, இங்கேயும் விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான். நீலக் கோஹோஷ், காட்டு இஞ்சி, மெய்டன்ஹேர் பெரணி, ஜின்செங் இதெல்லாம் சேர்ந்து நின்றால் அடியில் கொழுத்த மண் என்று அர்த்தம். அப்புறம் காஞ்சொறி! நம் ஊர்க் காஞ்சொறி இல்லை, ஆனால் சுணை அதே சுணை. போன கோடையில் பாப்பாவின் கால் முழுக்கத் தடித்துவிட்டது. அதுவும் ஈரமான வளமான மண்ணில்தான் மண்டுகிறது.

ரேம்ப்ஸ் என்று ஒரு காட்டு வெங்காயம். அகலமான இலை, வாசனை வெங்காயமும் பூண்டும் சேர்ந்தது. செரோக்கி பழங்குடியினர் காலம்காலமாகச் சாப்பிடுவது. கூட வேலை செய்யும் அம்மா ஒருவர் தன் சொந்த நிலத்தில் பிடுங்கி ஒரு கட்டுக் கொடுத்தார். அவர்கள் உருளைக்கிழங்கோடு வதக்குவார்கள், நான் புளிக்குழம்பு வைத்தேன். உங்கள் மாப்பிள்ளை மூன்று நாள் அதைத்தான் சாப்பிட்டார்.

எறும்பு கதையைச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. போன மே மாதக் கடைசியில் இதே மலையில் ஒரு பிளட்ரூட் செடியின் காய் வெடித்திருந்தது. வேரை ஒடித்தால் ரத்தச் சிவப்பில் பால் வரும் செடி. பளபளப்பான பழுப்பு விதை, ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளையாகக் கொழுப்புத் துண்டு ஒட்டியிருந்தது. நானும் பாப்பாவும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒல்லியான கறுப்பு எறும்பு ஒன்று விதையை அந்தக் கொழுப்பால் கவ்வி இழுத்தது. ஒரு குச்சியில் மாட்டியது, விட்டது, சுற்றிவந்து மறுபடி பிடித்தது. கால் மணி நேரத்தில் மூன்று முழம்கூடப் போகவில்லை. கூட்டுக்குள் கொழுப்பைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையில் போட்டுவிடுமாம். அங்கே அது முளைக்கும். டிரில்லியம் விதையும் இப்படித்தான் போகிறது. அது முளைத்துப் பூக்க ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். காட்டுப் பூக்கள் ஊர்வது இந்த வேகத்தில்தான்.

அதனால்தான் பாதையின் முதல் மைல் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பூங்கா வருவதற்கு முன் அங்கே குடும்பங்கள் உழுது வாழ்ந்திருக்கிறார்கள். பொறுக்கி அடுக்கிய கல் சுவர்கள், வீடு இல்லாத படிக்கட்டு, ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தங்கள் கையால் கல் பொறுக்கிய நிலத்தை அவர்கள் விட்டுப் போனதை நினைத்து அந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உழுத இடத்தில் இப்போது டியூலிப் பாப்ளர்கள் தூண் தூணாக நிற்கின்றன. மரம் வந்துவிட்டது. தரையில் பூக்கள் அவ்வளவாக இல்லை. 1992-ல் வந்த ஓர் ஆய்வு, இந்த மலைத்தொடரில் வெட்டி 87 வருஷம் ஆன காடுகளில்கூடத் தரைச் செடிகள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை என்றது. அதை ஒத்துக்கொள்ளாத ஆராய்ச்சியாளர்களும் உண்டு. பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்த எனக்கு அது உண்மை என்றுதான் படுகிறது.

மரங்களுக்கும் கண்டம் இருக்கிறது. அமெரிக்கச் செஸ்ட்நட் இந்த மலைகளின் ராஜா. வெளியிலிருந்து வந்த ஒரு பூஞ்சை நோயை 1904-ல் நியூயார்க்கில் கண்டார்கள். நாற்பது வருஷத்துக்குள் காடெங்கும் பட்டுப்போனது. நம் மலைவாழையை முடிக்கொத்து நோய் தின்ற கதைதான். இப்போது ஆஷ் மரங்களை ஒரு பச்சை வண்டு குடைகிறது. வழியில் பட்டை உரிந்து நின்ற ஆஷ்களை எண்ணிக்கொண்டே வந்த உங்கள் மாப்பிள்ளை, பதினொன்றோடு நிறுத்திவிட்டார்.

அம்மாவுக்கு ஒரு சேதி. டியூலிப் பாப்ளர் நம் செண்பகத்தின் குடும்பம்! இந்த மலைகளில் ஒன்றை அளந்தபோது 190 அடிக்கும் மேல் இருந்தது. பூ பச்சை கலந்த மஞ்சள், நடுவில் ஆரஞ்சுப் பட்டை. செண்பக வாசனை மட்டும் இல்லை. எங்கள் குடியிருப்புக்குப் பின்னாலும் ஒரு மரம் நிற்கிறது, மே மாதம் பூக்கும். அதன் இலை நுனியைக் கத்தரியால் வெட்டிவிட்ட மாதிரி இருக்கும். போன வருஷம் உதிர்ந்த இலை ஒன்றைப் பாப்பா புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து உங்களுக்காக எடுத்திருக்கிறாள், நரம்பெல்லாம் விழுந்திருக்கிறது. கூட வைத்திருக்கிறேன். கிணற்றடிச் செண்பகத்தில் ஓர் இலை பறித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மழை பெய்ததா, காப்பி பூத்ததா என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்